சீட் ஃபோம், ஹேண்டில்பார் ரைசர்: செய்து பார்த்தவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. 350 சிசி பைக். கம்பெனி சீட் முன்பக்கம் சரிவு. பிரேக் பிடிச்சா உடம்பு டேங்க் பக்கம் வழுக்குது, பாரம் மணிக்கட்டுக்குப் போகுது. மேலே ஜெல் ஷீட் ஒட்டுறதுல இஷ்டமில்லை, வெயில்ல நின்னா கொதிக்கும். மெத்துன்னு ஃபோம் போட்டாலும் வீண்: கடைசியில அமுங்கி, எலும்பு அடித்தட்டுல இடிக்கும்.

அதனால அடியில ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டின கெட்டி ஃபோம்), மேலே ஒரு அங்குலம் சாதா ஃபோம், முன்பக்கம் கொஞ்சம் உயர்த்தி சமதளம். சென்னையில இப்படிச் செதுக்கித் தர்ற சீட் கடை எது? தையல் வழியா மழைத்தண்ணி இறங்காம இருக்க என்ன வழி?

கூடவே ஹேண்டில்பாரை உயர்த்த 25 மி.மீ. ரைசர் போடணும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சா ஆக்சிலரேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபடக்கூடாது. ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டா ஐடில் ஆர்பிஎம் (சும்மா நிக்கும்போது இன்ஜின் ஓடுற வேகம்) ஏறும், கிளட்ச் கேபிள் இழுபட்டா கிளட்ச் வழுக்கும். பழைய கேபிளையே வழி மாத்தி விட்டவங்க இருக்கீங்களா? போட்டோ போட்டா பெரிய உதவி.