லிப்னா எங்கே இருந்தது? சிறு விவிலிய நகரங்களை அடையாளம் காணும் முறை பற்றி

பழஞ்சுவடி (கேள்வி):
எபிரேய மறைநூலில் லிப்னா என்னும் நகரம் சில இடங்களில் மட்டுமே தலைகாட்டுகிறது. யோசுவா கைப்பற்றிய நகரங்களுள் ஒன்றாக அது வருகிறது. யூதா நாட்டு அரசன் யோராமின் காலத்தில் அந்நாட்டுக்கு எதிராகக் கலகம் செய்கிறது. பின்னர் அசீரிய அரசன் சனகெரிப் அதன்மேல் போர் தொடுக்கிறான். யோவாகாஸ், சிதேக்கியா ஆகிய இரண்டு அரசர்களைப் பெற்ற அமுத்தாளின் தந்தையும் இவ்வூராரே. இருந்தும் ‘தெல்’ எனப்படும் பழைய குடியிருப்பு மேடுகளுள், ஒரு வரைபடம் லிப்னாவைத் தெல் பூர்னாவிலும், வேறொன்று தெல் சயித்திலும், பழைய நூல்கள் சில தெல் எஸ்-சாஃபியிலும் குறிக்கின்றன. இத்தகைய சிறு நகரம் ஒன்று புதைந்து கிடப்பது இந்த மேட்டில்தான் என்று எந்த அடிப்படையில் முடிவு செய்கிறார்கள்?

மேட்டுநிலம்:
தொடங்க வேண்டிய இடம் மறைநூலின் யோசுவா நூல், 15ஆம் அதிகாரம். அங்குள்ள ஊர்ப் பட்டியல் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்திருப்பதால், ஓர் ஊர் எந்த ஊர்களோடு சேர்த்து எண்ணப்படுகிறது என்பதே அதன் இருப்பிடத்தைச் சுருக்கிக் காட்டிவிடும். லிப்னா, கேகிலா, மரேஷா மூன்றும் ஒரே வட்டாரத்தில் வருகின்றன. மரேஷாவின் இடம் உறுதியானது. 1902இல் அங்கே கண்டறியப்பட்ட கல்லறைகளில் அவ்வூரின் பெயரே எழுதப்பட்டிருந்தது. மேலும், யோசுவா 10இல் படை மக்கெதாவிலிருந்து லிப்னாவுக்கும், அங்கிருந்து லாகீசுக்கும் போகிறது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் யூசேபியஸ் தொகுத்த ஊர்ப்பெயர் நூலும் லிப்னாவை எலியூத்தரோபோலிஸ் வட்டாரத்தில், அதாவது இன்றைய பேத் குவ்ரின் பக்கத்தில் வைக்கிறது. ஆகவே தேடல் மலைநாட்டுக்கும் கடற்கரைச் சமவெளிக்கும் இடைப்பட்ட தாழ்குன்றுப் பகுதிக்குள் அடங்கிவிடுகிறது.

தெல் எஸ்-சாஃபியைச் சொன்னவர்கள், லிப்னா என்ற பெயர் வெண்மையைக் குறிப்பதையும் அந்த மேட்டின் சுண்ணப்பாறை வெண்மையாக இருப்பதையும் இணைத்துப் பார்த்தார்கள். அப்பகுதியில் வெள்ளைப் பாறை எங்கும் உண்டு என்பதால் அது வலுவற்ற வாதம். அம்மேடு பெலிஸ்தர் என்னும் இனத்தாரின் காத் நகரம் என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. மீதமுள்ள இரண்டில் நான் தெல் பூர்னாவையே சார்வேன். யூதாவின் எல்லையில் கலகம் செய்யவும் அசீரியப் படையை எதிர்கொள்ளவும் கூடிய ஊருக்கு வேண்டிய இரும்புக் கால அரண் அங்கே இருக்கிறது.

கல்வெட்டன்:
மேலே உள்ளவை எல்லாம் சூழ்நிலைச் சான்றுகள். ஊரின் பெயர் பொறித்த எழுத்து கிடைத்தால் நிலைமை மாறும், ஆனால் அந்த எழுத்து எதன்மேல் இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். கேசேர் என்னும் விவிலிய நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன்-கானோ 1871இல் அரபு வரலாற்று நூல் ஒன்றின் குறிப்பை வைத்து அதன் இடத்தை ஊகித்தார். 1874இல் மேட்டைச் சுற்றியுள்ள பாறைகளிலேயே ‘கேசேரின் எல்லை’ என்று எபிரேய எழுத்தில் வெட்டப்பட்டிருந்ததைக் கண்டார். பாறையை யாரும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது.

கிபியோன் என்னும் மற்றொரு விவிலிய நகரத்தின் கதை சற்று வேறு. 1956இல் எல்-ஜிப் என்னும் இடத்தில் அகழாய்வைத் தொடங்கிய தொல்லியலாளர் பிரிட்சர்டுக்கு, கிபியோன் என்று பொறித்த ஜாடிக் கைப்பிடிகள் பல கிடைத்தன. ஜாடி ஊர் விட்டு ஊர் போகும் பொருள் என்பதால், அவை வெளியிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாமே என்று ஐயம் எழுப்பியவர்கள் உண்டு. ஆயினும் பழைய பெயரின் சாயல் அரபுப் பெயரில் நிலைத்திருப்பதும், மறைநூலின் இரண்டாம் சாமுவேல் நூலில் வரும் குளத்தோடு ஒப்பிடத்தக்க, பாறையில் குடைந்த சுமார் 11 மீட்டர் ஆழமுள்ள பெரும் நீர்க்குழி அங்கே இருப்பதும் கைப்பிடிகளோடு ஒத்துப்போவதால், இன்று அந்த ஐயத்துக்கு வலு இல்லை.

தெல் சயித்தில் 2005இல் அகரவரிசை பொறித்த கல் கிடைத்தது. எழுத்து வரலாற்றுக்கு அது பெரும் பேறு. ஊர்ப்பெயர் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

மேட்டுநிலம்:
உடன்படுகிறேன். எழுத்தே கிடைக்காத நிலையில் புவியியல் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குத் தெபீர் என்னும் விவிலிய ஊரைப் பார்க்கலாம். தொல்லியலாளர் ஆல்பிரைட் 1926 முதல் 1932 வரை தெல் பெயித் மிர்சிமில் அகழ்ந்து, அதுவே தெபீர் என்றார். அவருடைய மதிப்பால் அக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் மறைநூல் தெபீரை மலைநாட்டு ஊர்களோடு எண்ணுகிறது; காலேபின் மகள் அக்சாள் மேல் ஊற்றுகளையும் கீழ் ஊற்றுகளையும் கேட்டுப் பெறுவதாகவும் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் கிர்பெத் ரபூத் என்னும் இடம் பொருந்துகிறது. 1968-69இல் தொல்லியலாளர் கொகாவி அங்கே அகழ்ந்து, உரிய காலத்துக் குடியிருப்பு இருந்ததைக் காட்டிய பிறகு பெரும்பாலோர் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

பழஞ்சுவடி:
இருவருக்கும் நன்றி. இதே அளவுகோலில், 2019இல் சிக்லாக் என்னும் விவிலிய ஊர் என்று அறிவிக்கப்பட்ட கிர்பெத் எர்-ராயி தேறுமா?

கல்வெட்டன்:
என் கணிப்பில் தேறாது. பெலிஸ்தர் பாணிப் பொருள்களும், பின்னர் தீயால் அழிந்த ஓர் ஊரும் அங்கே கிடைத்தது உண்மை. ஆனால் அது லாகீசுக்கு அருகில் உள்ளது. யோசுவா 15 சிக்லாகைத் தென்கோடி ஊர்களோடு சேர்க்கிறது. 19ஆம் அதிகாரம் சிமியோன் குலத்தின் பங்கில் வைக்கிறது. இந்த முரணுக்கு விளக்கம் வரும்வரை, இன்னும் தெற்கே உள்ள தெல் செரா முதலிய இடங்களைக் கணக்கிலிருந்து நீக்க முடியாது.