லேஆஃப் ஆயிட்டேன், லிங்க்ட்இன்ல என்ன போடறது? அவசரம்

ஓஎம்ஆர்_டெஸ்டர்:
வணக்கம் மக்களே. போன வாரம் எங்க டீம்ல 11 பேரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க, அதுல நானும் ஒருத்தன். லிங்க்ட்இன்ல இன்னும் '2019 – தற்போது வரை'ன்னே நிக்குது. மாத்தணுமா, அப்படியே விடலாமா? வேலை தேடறேன்னு காட்டற பச்சை வளையத்தை ('ஓப்பன் டு ஒர்க்') ஃபோட்டோல போடலாமா? நாளைக்குக் காலைல ஒரு ஹெச்ஆர் கால் இருக்கு. வீட்ல அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

வேளச்சேரி_வாசி:
மனசு விடாதீங்க ப்ரோ. கடைசி வேலை நாள் என்னைக்கு? அதைச் சொல்லாம எதுவும் சொல்ல முடியாது.

தென்காசிக்காரன்:
ராஜினாமா எழுதி வாங்கினாங்களா, இல்ல அவங்களே டெர்மினேஷன் லெட்டர் கொடுத்தாங்களா? நௌக்ரி வேலைத் தளத்துல என்ன போட்டிருக்கீங்க?

கோவை_ஜாவா:
பச்சை வளையம் மட்டும் போட்றாதீங்க. பார்த்த உடனே 'இவருக்கு வேற வழியில்ல'ன்னு சம்பளத்தைக் குறைப்பாங்க. என் ஃப்ரெண்டுக்கு 20% கம்மியாத்தான் ஆஃபர் வந்துச்சு.

சீனியர்_ஆர்க்கிடெக்ட்:
இதே கேள்விக்கு இங்க எத்தனை தடவை பதில் எழுதியிருக்கேன். கேக்கறதுக்கு முன்னாடி பழசைத் தேடிப் படிக்கற பழக்கம் இந்தத் தலைமுறைக்குக் கிடையாது. தம்பி, 14 வருஷ அனுபவத்துல சொல்றேன்: 'தற்போது வரை'யைத் தொடாதே. வேலை கிடைச்ச பிறகு மாத்திக்கலாம். யாரும் பார்க்க மாட்டாங்க.

பிஎஃப்_பித்தன்:
சார், கண்டிப்பா பார்ப்பாங்க. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல, அதாவது பழைய வேலையைச் சரிபார்க்கறப்போ, யுஏஎன் (பிஎஃப் கணக்கு நம்பர்) சர்வீஸ் ஹிஸ்டரி கேக்காத கம்பெனி இப்ப கம்மி. கம்பெனி பேரு, சேர்ந்த தேதி, விலகின தேதி மூணும் வரிசையா அதுல நிக்கும். லிங்க்ட்இன்ல 3 மாசம் கூட இருந்தா அங்கேயே மாட்டுவாங்க. வேலை போனது யாருக்கும் குற்றமில்ல, தேதியை மாத்திச் சொல்றதுதான் ஆஃபரைக் காலி பண்ணும்.

ஓஎம்ஆர்_டெஸ்டர்:
சாரி, பதட்டத்துல விட்டுட்டேன். லேப்டாப், ஐடி கார்டு வாங்கிட்டாங்க. சம்பளம் 30ஆம் தேதி வரைக்கும். ரிலீவிங் லெட்டர்லயும் 30தான் வருமாம். ராஜினாமா மெயில் போடச் சொன்னாங்க, போட்டுட்டேன்.

வேளச்சேரி_வாசி:
அட, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அப்போ 30 வரைக்கும் நீங்க அந்தக் கம்பெனி ஆளுதான். இன்னைக்கு 'தற்போது வரை'ன்னு இருக்கறது பொய்யே இல்ல.

தாம்பரம்_ரெக்ரூட்டர்:
ஆள் எடுக்கற பக்கத்துல இருந்து சொல்றேன் தம்பி. நௌக்ரில 'சர்விங் நோட்டீஸ் பீரியட்' (விலகறதுக்கு முன்னாடி வேலை பார்க்கற காலம்) போட்டு, 30ஐக் கடைசி நாளாக் கொடுங்க. 90 நாள் நோட்டீஸ்காரங்களுக்கு நடுவுல 'உடனே சேர முடியும்'ங்கற ஆளை நாங்க முதல்ல கூப்பிடுவோம். பச்சை வளையம் பார்த்து நான் யாரையும் ஒதுக்கினதில்ல. கூச்சமா இருந்தா ஓப்பன் டு ஒர்க்ல 'ரெக்ரூட்டர்கள் மட்டும்'னு வைங்க, வளையம் வராது. 30க்கு அப்புறம் 'இந்த வேலையில் இருக்கிறேன்'ங்கற டிக்கை எடுத்துட்டுத் தேதி போடுங்க. அதுக்கு முன்னாடி 'நெட்வொர்க்குக்கு அறிவி'ங்கறதை ஆஃப் பண்ணிடுங்க, சொந்தக்காரங்க வாழ்த்துச் சொல்ல வந்துடுவாங்க. பேருக்குக் கீழ இருக்கற ஹெட்லைன் தானா மாறாது, அதுல கம்பெனி பேரை நீங்களே எடுக்கணும்.

தென்காசிக்காரன்:
ராஜினாமா மெயில் போட்டதுதான் தப்பு. வெட்டினது அவங்க, விலகினதா எழுதிக் கொடுத்தது நாம. 1947 தொழில் தகராறு சட்டம் 25எஃப் பிரிவுல, ஆளை வேலையை விட்டு எடுத்தா ஒரு மாச நோட்டீஸ், வருஷத்துக்கு 15 நாள் சராசரி சம்பளம்னு இருந்துச்சு. ராஜினாமான்னு எழுதிட்டா அதை எப்படிக் கேப்பீங்க?

சீனியர்_ஆர்க்கிடெக்ட்:
ஐடி ஆளுக்கு அந்தச் சட்டமெல்லாம் பொருந்தாது. அடிப்படையைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசணும்.

தென்காசிக்காரன்:
ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம்னு 2016லயே தமிழ்நாடு அரசு தெளிவாச் சொல்லிருச்சு சார். மேலாளர் வேலை பார்க்கறவரை வேணா விட்டுடுங்க. டெஸ்ட் கேஸ் எழுதறவர் எந்த மேலாளர்?

சீனியர்_ஆர்க்கிடெக்ட்:
கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா அடுத்த வேலை யார் கொடுப்பா? நடைமுறையைப் பேசுங்க.

தென்காசிக்காரன்:
எல்லாரும் அப்படியே நினைச்சுத்தான் 11 பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. எனக்கு வயிறு எரியுது சார்.

தாம்பரம்_ரெக்ரூட்டர்:
சண்டையை வேற இழையில வச்சுக்கோங்க, பையனுக்கு நாளைக்குக் கால் இருக்கு. தம்பி, லெட்டர்ல ராஜினாமான்னு இருந்தாலும் ஏன் விலகினீங்கன்னு கேட்டா, 'ப்ராஜெக்ட் மூடினாங்க, 11 பேரை எடுத்தாங்க, ராஜினாமா கேட்டு வாங்கினாங்க'ன்னு நடந்ததை அப்படியே சொல்லுங்க. ரெண்டு வரி போதும். உடனே நீங்க பண்ணின ஆட்டோமேஷன் வேலைக்குப் பேச்சைக் கொண்டு போயிடுங்க.

பிஎஃப்_பித்தன்:
ஒண்ணு மறக்காதீங்க. விலகின தேதியைக் கம்பெனி ஏத்தலைன்னா, கடைசி பிஎஃப் பங்களிப்பு முடிஞ்சு 2 மாசம் கழிச்சு இபிஎஃப்ஓ (பிஎஃப் அலுவலகம்) தளத்துல 'மார்க் எக்ஸிட்' போய் ஆதார் ஓடிபி வச்சு நீங்களே போட்டுக்கலாம். பிஎஃப் பாஸ்புக்கை இப்பவே டவுன்லோட் பண்ணி வைங்க. ஆபீஸ் மெயில்ல இருந்த பே ஸ்லிப் எல்லாம் கையில இருக்கா?

கோவை_ஜாவா:
எதுக்கும் வளையம் வேண்டாம் ப்ரோ.

ஓஎம்ஆர்_டெஸ்டர்:
நௌக்ரி மாத்திட்டேன். ஓப்பன் டு ஒர்க், ரெக்ரூட்டர்கள் மட்டும். கால் முடிஞ்சது, 30னு சொன்னேன், அவங்க அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. அடுத்த ரவுண்டு வியாழன். பே ஸ்லிப் கடைசி 2 மாசத்துது இல்ல, ஹெச்ஆருக்கு எழுதியிருக்கேன். ரெக்ரூட்டர் அக்காவுக்கும் எல்லாருக்கும் நன்றி.

வேளச்சேரி_வாசி:
நல்லது ப்ரோ. அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?