புதுப்பிப்பு: பவர் ஃபேக்டர் பெட்டி மின்கட்டணத்தைக் குறைத்ததா? சோதனை முடிவு

கெபாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கருவிகள்) அடங்கிய பவர் ஃபேக்டர் பெட்டியை எங்கள் ஆலையில் பொருத்தினால் 20 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்ற விற்பனையாளரின் பேச்சை நம்பலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. “ஆம்பியரைப் பார்க்காதீர்கள், கிலோவாட்டைப் பாருங்கள், விற்பவரின் மீட்டரும் வேண்டாம்” என்ற யோசனைதான் கைகொடுத்தது.

வெளியிலிருந்து வந்த சோதனையாளர்கள் பவர் அனலைசர் என்ற அளவுக் கருவியை ஒரு ஃபீடரில் (ஆலைக்குள் மின்சாரம் செல்லும் ஒரு வழித்தடம்) பொருத்தி, அதே சுமையில் பெட்டியை இயக்கியும் நிறுத்தியும் அளந்தார்கள். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மொத்த மின்திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.75இலிருந்து 0.98க்கு ஏறியது. மின்னோட்டம் 37 ஆம்பியரிலிருந்து 28க்கு இறங்கியது. உண்மையில் வேலை செய்யும் மின்திறனான கிலோவாட்டோ 20இலேயே நின்றது! யூனிட் குறையவில்லை. ஆனால் கேவிஏ டிமாண்ட் கட்டணம் (இழுக்கும் மொத்த மின்திறனின் உச்ச அளவுக்கு விதிப்பது) குறையும். உயர் அழுத்த இணைப்புள்ள எங்கள் ஆலைக்கு அது உண்மையான லாபம்தான்.

எதிர்பாராத ஒன்று: மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்கள் ஓடும்போது கெபாசிட்டர் உறுமிக்கொண்டு கொதித்தது. காரணம் ஹார்மோனிக்ஸ், அதாவது டிரைவ்கள் மின்னோட்டத்தில் உண்டாக்கும் அலைச் சிதைவு. அந்தச் சிதைவிலிருந்து கெபாசிட்டரைக் காக்கும் 7 சதவீத ரியாக்டரும் (கம்பிச் சுருள்) அதற்கேற்ற 525 வோல்ட் கெபாசிட்டரும் மாற்றிய பிறகே அடங்கியது.