நுரைக்கல் பொங்கிவிட்டு அமுங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். பாலிடெக்னிக் கடைசி வருட புராஜெக்டுக்காக சிமெண்ட் இல்லாமல் எடை குறைந்த கல் செய்து பார்க்கிறேன். நிலக்கரிச் சாம்பல், இரும்பு உலைக் கசடு, காஸ்டிக் சோடா, சோடியம் சிலிக்கேட். நுரைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு. அச்சில் ஊற்றியதும் இட்லி மாவு மாதிரி பொங்குகிறது. இறுகுவதற்குள் நடுவில் குழி விழுந்து அமுங்கிவிடுகிறது. கரைசல் ஆறுவதற்கு முன் ஊற்றியதுதான் தப்போ? (காஸ்டிக் சோடா கரையும்போது ஏறும் சூடு லேசுப்பட்டதல்ல.) கசடைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று பார்த்தால், கலக்கும்போதே கெட்டியாகிறது.

அடுத்து சிங்கப்பூர் துவாஸில் குப்பையை எரிக்கும் உலையின் சாம்பலையும் சேர்க்க ஆசை. அதிலுள்ள அலுமினியத் துணுக்குகளே காரத்தில் ஹைட்ரஜன் விட்டு நுரைக்கும்.

கான்கிரீட் யார்டில் வேலை செய்யும் அண்ணன், அக்கா யாராவது இருக்கிறீர்களா? நுரை நிற்க என்ன சேர்க்கலாம்? அப்புறம், கசடு 10 கிலோ சில்லறையாக எங்கே கிடைக்கும்? கேட்ட இடத்தில் லாரிக் கணக்கில்தான் தருவார்களாம்.