டாக்டர்களின் பர்ன்அவுட்: வேலை நேரம் மட்டும்தான் காரணமா?

கேட்டுப்பார்:
அமெரிக்க டாக்டர்களில் 46 சதவீதம் பேருக்குப் பர்ன்அவுட் (வேலையால் மனம் வற்றிப்போகும் நிலை), மற்ற வேலைகளில் இருப்பவர்களில் 28 சதவீதம்தான் என்று ஒரு படம் சுற்றுகிறது. யார் அத்தனை மணி நேரம் உழைத்தாலும் இப்படித்தானே ஆகும்? இந்த ஒப்பீடு சரியா?

அளவுகோல்:
படம் போட்டவர் இரண்டு அளவுகளை ஒட்டுப்போட்டிருக்கிறார். எண்கள் 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்தவை. டாக்டர்களின் 46, சரியாகச் சொன்னால் 45.8, பர்ன்அவுட்டை அளக்கும் 22 கேள்விகள் கொண்ட முழு மாஸ்லாக் பட்டியலில் வந்தது. பொதுவான உழைப்பாளர்கள் 3,442 பேரிடம் கேட்டதோ இரண்டே கேள்வி: வேலையால் மனம் வறண்டுபோகிறதா, ஆட்களிடம் மரத்துப்போய்விட்டீர்களா. டாக்டர்களையும் அதே இரண்டு கேள்வியில் பார்த்தால் 37.9, மற்றவர்கள் 27.8. வித்தியாசம் 18 இல்லை, 10. வேலைக்கும் வீட்டுக்குமான சமநிலையில் அதிருப்தி 40-க்கு 23. அங்கேதான் இடைவெளி பெரிது.

நேரம் மட்டும் காரணமில்லை. வயது, பாலினம், வார வேலை நேரம் ஆகியவற்றின் வித்தியாசத்தைக் கணக்கில் கழித்த பிறகும் பள்ளிப் படிப்போடு நின்றவர்களைவிட டாக்டர்களுக்குப் பர்ன்அவுட் ஆபத்து கூடுதல். மற்ற பட்டதாரிகளுக்கு, முனைவர்கள் உட்பட, அது குறைகிறது! டாக்டர்களிலும் அவசர சிகிச்சை, பொது மருத்துவம், குடும்ப மருத்துவம் பார்ப்பவர்களுக்குத்தான் அடி அதிகம்.

ரோஸ்டர்காரர்:
அதற்காக நேரத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் பயிற்சி டாக்டர்களுக்கு 2003 முதல் வாரம் 80 மணி உச்சவரம்பு, ஆனால் அது 4 வாரச் சராசரி. ஒரு வாரம் 95, அடுத்த வாரம் 65 போட்டாலும் சராசரி இடிக்காது, ஆள்தான் படுத்துவிடுவார்.

ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) போடும்போது ஷிப்டை காலை, மாலை, இரவு என முன்னோக்கியே நகர்த்துங்கள். இரண்டு ஷிப்டுக்கு நடுவே ஐரோப்பிய விதி கேட்கும் 11 மணி ஓய்வு கட்டாயம். தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். ஹேண்டோவருக்கு, அதாவது நோயாளிகளை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்க, அரை மணி இரண்டு ஷிப்டும் சேர்ந்திருக்கும்படி சம்பள நேரத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்த அரை மணி வீட்டு நேரத்திலிருந்துதான் போகும்.

கீபோர்டு:
வீட்டு நேரத்தைத் தின்பது ஹேண்டோவர் மட்டுமா? 2016-ல் வந்த அமெரிக்க ஆய்வில், நோயாளியோடு ஒரு மணி நேரத்துக்குக் கணினிப் பதிவும் மேசை வேலையும் கிட்டத்தட்ட இரண்டு மணி. ராத்திரி வீட்டில் இன்னும் ஒன்றிரண்டு மணி. இதற்கு யோகா வகுப்பு வைத்து என்ன பயன்?

முதலில் லாகின் பதிவை எடுத்து, பணி முடிந்த பிறகு யார் எவ்வளவு நேரம் கணினிப் பதிவேட்டில் இருக்கிறார் என்று பாருங்கள். பிறகு டாக்டரின் கணினி இன்பாக்ஸில் குவியும் வேலையைப் பிரித்துக்கொடுங்கள். மாற்றமில்லாத மருந்துச் சீட்டுப் புதுப்பிப்பு, நார்மல் லேப் ரிசல்ட் எல்லாம் எழுதிவைத்த நெறிமுறைப்படி நர்ஸ், மருந்தாளுநர் பார்க்கட்டும். ஆனால் அவர்களுக்கும் அதற்கென நேரம் ஒதுக்கவில்லை என்றால், சோர்வு மேசை மாறும், அவ்வளவுதான்.