சாப்பிட்ட பந்தி நன்கொடையில் சேராது: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"சங்கத்து நிதி திரட்டும் விருந்துக்குப் போயிருந்தோம். ஆளுக்கு 150 டாலர், ரெண்டு பேருக்கு 300 கட்டினோம். வரிக் கணக்கில் 300 நன்கொடை என்று போட்டுவிடலாமா?" பிப்ரவரி, மார்ச் வந்தால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். நான் சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) இல்லை. ஒரு தமிழ்ச் சங்கத்தில் சில வருடம் பொருளாளராக இருந்து, நன்கொடைக் கடிதங்களை நூற்றுக்கணக்கில் எழுதியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

போட முடியாது. சங்கம் அனுப்பிய கடிதத்தை எடுங்கள். முதல் வரியில் 300 இருக்கும். அதைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுகிறோம். அதற்குக் கீழேதான் விஷயம் இருக்கிறது: "இதற்கு ஈடாக உங்களுக்கு அளிக்கப்பட்ட இரவு உணவு மற்றும் கலை நிகழ்ச்சியின் மதிப்பு 120 டாலர்." ஆக, உங்கள் நன்கொடை 180 டாலர். மீதி 120 நீங்கள் சாப்பிட்டதற்கும் பார்த்ததற்கும் கொடுத்த காசு.

75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஏதாவது கொடுத்தால், அதன் மதிப்பை எழுத்தில் தெரிவிப்பது சங்கத்தின் கடமை. இந்த 75 நீங்கள் கட்டிய மொத்தத் தொகையை வைத்துப் பார்ப்பது, கழித்த பிறகு மிஞ்சுவதை வைத்து அல்ல. தெரிவிக்கத் தவறினால் சங்கத்துக்குத்தான் அபராதம்: ஒரு நன்கொடைக்கு 10 டாலர் வீதம், ஒரு நிகழ்ச்சிக்கு 5,000 டாலர் வரை.

அந்த 120 எங்கிருந்து வந்தது என்று கேட்டுச் சண்டைக்கே வந்தவர்கள் உண்டு. "சாப்பாட்டை ஓட்டல்காரர் இலவசமாகத்தானே கொடுத்தார், சங்கத்துக்கு ஒரு காசு செலவில்லையே, அப்புறம் ஏன் கழிக்கிறீர்கள்?" நியாயமாகத்தான் படும். ஆனால் விதி சங்கத்தின் செலவைப் பார்ப்பதில்லை. அதே சாப்பாட்டை வெளியில் வாங்கினால் என்ன விலையோ அதுதான் கணக்கு. ஏலமும் அப்படித்தான். 800 டாலர் பெறுமானமுள்ள பொருளை 900க்கு எடுத்தால் 100 மட்டுமே நன்கொடை. 700க்கு எடுத்தால் உங்களுக்கு லாபம், நன்கொடை எதுவும் இல்லை. குலுக்கல் சீட்டுக்கு மொத்தமாகவே கிடையாது. பரிசு விழாவிட்டாலும் கிடையாது.

இதில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். வந்த புதிதில் ஒரு அமைப்பின் விருந்துக்கு நான்கு சீட்டு வாங்கினேன். அன்றைக்குப் பார்த்துப் பிள்ளைக்குக் காய்ச்சல், யாரும் போகவில்லை. ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லையே, முழுப் பணமும் நன்கொடைதான் என்று எழுதிக்கொண்டு போய் நின்றேன். கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் பேனாவால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டார். போகாமல் இருப்பது வேறு, வேண்டாம் என்பது வேறு. சாப்பிடும் உரிமை கையில் இருந்தாலே அதன் மதிப்பைக் கழிக்க வேண்டும். வர முடியாது என்று தெரிந்தால் பணம் கட்டும்போதே "எனக்குச் சீட்டு வேண்டாம், இதை நன்கொடையாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் விலை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சங்கத்தின் பெயர் அச்சடித்த கோப்பை, பேனா போன்ற அற்பப் பொருள்களுக்கு விதியிலேயே விலக்கு உண்டு, அதற்கென்று ஒரு வரம்போடு. ஆண்டுச் சந்தா 75 டாலருக்குள் இருந்து, அதற்கு நிகழ்ச்சிகளில் சலுகை, இலவச அனுமதி மாதிரி கிடைத்தால் அதையும் கழிக்க வேண்டாம். கோயில் விஷயத்தில், பூஜையில் கலந்துகொள்வது போல வெளியே விலைக்குக் கிடைக்காத சமயப் பலன்களுக்கு விலை போட வேண்டியதில்லை. ஆனால் அதே கோயிலின் மண்டபத்தைப் பிறந்தநாளுக்கு வாடகைக்கு எடுத்தது, பிள்ளையைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்தது எல்லாம் நன்கொடை ஆகாது. தமிழ்ப் பள்ளிக் கட்டணமும் கட்டணம்தான். பள்ளி லாப நோக்கமற்றது என்பதால் அது நன்கொடையாகிவிடாது.

அடுத்தது, நிறைய பேர் கோட்டைவிடும் இடம். ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் வங்கிக் கணக்கு விவரம் மட்டும் போதாது, அமைப்பின் கடிதம் வேண்டும். பதிலுக்கு எதுவும் தரவில்லை என்றால் "பொருளோ சேவையோ எதுவும் அளிக்கப்படவில்லை" என்ற வாக்கியம் அதில் இருந்தே ஆக வேண்டும். சடங்கு மாதிரித் தெரியும், சடங்கு இல்லை. ஒரு தம்பதி தங்கள் தேவாலயத்துக்கு ஒரே வருடத்தில் 22,000 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். காசோலைகள் இருந்தன, கடிதமும் இருந்தது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. பிறகு வாக்கியத்தோடு இன்னொரு கடிதம் வாங்கிக் கொடுத்தார்கள். தாமதம் என்று சொல்லி 2012ல் வரி நீதிமன்றம் வரிக் கழிவை (வருமானத்திலிருந்து நன்கொடையைக் கழித்துக்கொள்வதை) மறுத்துவிட்டது. வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யும் நாளுக்கு முன்பே (கெடு முந்தினால் கெடுவுக்கு முன்பே) கடிதம் கையில் இருக்க வேண்டும் என்பது விதி.

சரி, இதெல்லாம் உங்களுக்குப் பொருந்துமா? இதுவரை புதிதாக வந்த பெரும்பாலானோருக்குப் பொருந்தியதில்லை. வீடு வாங்காதவர்கள், செலவு விவரம் காட்டாமலேயே வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை எடுத்துக்கொள்வார்கள். 2025க்கு அது தனியாளுக்கு 15,750, சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 31,500. அதை எடுத்தால் 180 கொடுத்தாலும் 1,800 கொடுத்தாலும் வரியில் ஒன்றும் குறையாது. 2026ஆம் வரி ஆண்டிலிருந்து இது மாறுகிறது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்களும் தனியாளுக்கு 1,000, தம்பதிக்கு 2,000 டாலர் வரை நன்கொடையைக் கூடுதலாகக் கழித்துக்கொள்ளலாம். பணமாகக் கொடுத்ததற்கு மட்டும்தான். பழைய துணிமணி கொடுத்தது இதில் வராது. செலவுகளைத் தனித்தனியாகக் காட்டி ஐடமைஸ் செய்பவர்களுக்கு நேர்மாறாக ஒரு வெட்டு: வருமானத்தில் 0.5 சதவீதம் வரையிலான நன்கொடை இனி கணக்கில் வராது. 1,20,000 டாலர் வருமானம் என்றால் முதல் 600 போச்சு.

கழிவு என்றால் அந்தப் பணம் அப்படியே திரும்பி வரும் என்றும் நினைக்க வேண்டாம். 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 1,000 டாலர் கழிவால் மிஞ்சுவது 220 டாலர்.

வருடத்தின் நடுவில் வந்து இறங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முதல் வருடத்தில் பாதி நாள் வெளிநாட்டவர், பாதி நாள் குடியிருப்பவர் என்று இரட்டை நிலையில் தாக்கல் செய்தால் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது. அப்போது ஐடமைஸ்தான் செய்ய வேண்டும், அதனால் சின்ன நன்கொடைக் கடிதம் கூட மதிப்புள்ளது. கல்யாணமானவர்கள் முழு வருடமும் குடியிருப்பவராகக் கருதச் சொல்லித் தேர்வு செய்தால் கதை வேறு. இந்த ஒரு வருடத்துக்காவது விவரம் தெரிந்த சிபிஏவுக்குக் காசு கொடுப்பது வீண் போகாது.

என்னிடம் அடிக்கடி கேட்கும் வேறு சில கேள்விகள்:

ஊரில் உள்ள அறக்கட்டளைக்கு அனுப்பிய பணத்துக்கு 80ஜி ரசீது இருக்கிறதே என்றால், அது இந்திய வருமான வரிக்கானது. இங்கே செல்லாது. அமெரிக்காவில் அமைக்கப்பட்ட, தகுதியுள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான் கழிவு. பெரும்பாலும் வரிச் சட்டப் பிரிவின் பெயரால் 501(சி)(3) என்பார்கள். ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். கோயில், தேவாலயம், மசூதி போன்ற வழிபாட்டு இடங்கள் விண்ணப்பிக்காமலேயே விலக்கு பெறுவதால் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். சங்கம் என்று பெயர் இருப்பதாலேயே நம்பிவிட வேண்டாம். சில சங்கங்கள் பொழுதுபோக்குக் கிளப்பாகப் பதிவாகியிருக்கும், அவற்றுக்குக் கொடுத்தால் கழிவு இல்லை.

வாரா வாரம் தொண்டு வேலைக்குப் போகிறேன் என்று கேட்டவருக்கு: உங்கள் நேரத்துக்கு விலை கிடையாது. ஐடமைஸ் செய்தால், அதற்காகக் கார் ஓட்டிய தூரத்துக்கு மைலுக்கு 14 சென்ட் உண்டு.

ஜனவரி முடிந்தும் கடிதம் வரவில்லை என்றால் உங்கள் சங்கப் பொருளாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கொஞ்சம் தன்மையாகவே கேளுங்கள். அவரும் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் தூங்கின பிறகு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறார்.