டார்ஜரா, டார்கரா?

நேற்று ராத்திரி 'இன் த ரெல்ம்ஸ் ஆஃப் தி அன்ரியல்' பார்த்தேன். தனியாக எழுதி வரைந்துகொண்டே இருந்த ஹென்றி டார்ஜர் பற்றி ஜெசிகா யூ 2004-ல் எடுத்த ஆவணப்படம். இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சிகாகோ மருத்துவமனைகளில் கூட்டிப் பெருக்கிப் பிழைத்த மனிதர். ஒரே வாடகை அறையில் சுமார் 40 வருடம். 1972-ல் உடம்பு முடியாமல் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு வீட்டுக்காரர் நேதன் லெர்னர் அறையை ஒழிக்கப் போகிறார். பழைய பத்திரிகைக் கட்டு, நூல் உருண்டை, இவற்றுக்கு நடுவே தட்டச்சு செய்த 15,145 பக்கக் கதையும் அதற்கு வரைந்த நூற்றுக்கணக்கான படங்களும். நல்லவேளை, லெர்னரே ஒரு புகைப்படக் கலைஞர். வேறு யாராவது என்றால் வண்டி வைத்துக் குப்பைக்கு அனுப்பியிருப்பார்கள்.

படத்தில் விமர்சகர்கள் யாரும் வந்து பாடம் எடுப்பதில்லை. பழகினவர்கள்தான் பேசுகிறார்கள். ஒருவர் டார்ஜர் என்கிறார், இன்னொருவர் டார்கர் என்கிறார். தேவாலயத்தில் எங்கே உட்காருவார் என்று கேட்டால் ஒருவர் முன்னால் என்கிறார், ஒருவர் பின்னால் என்கிறார். அறைக்குள் அவர் பல குரல்களில் தனக்குத்தானே பேசுவது மட்டும் வெளியே கேட்டிருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரே குறை: ஓவியங்களை அனிமேஷனாக அசைய விட்டது. அசையாமல் நிற்பதில்தானே அந்தக் கலவரம் இருக்கிறது?

*

நீங்கள் குறை சொன்ன அந்த அசைவு எனக்குப் பிடித்தது. அது இல்லாவிட்டால் அந்தக் கதைக்குள்ளேயே போயிருக்க மாட்டேன். ஆனால் நியூயார்க்கில் அமெரிக்கன் ஃபோக் ஆர்ட் மியூசியத்தில் அசலைப் பார்த்தபோது உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆள் உயரத்தைவிட நீளமான தாள், இரண்டு பக்கமும் படம். தாள் கிடைப்பதே பாடு போல. கிட்டப் போய்ப் பார்த்தால் கார்பன் தாள் வைத்து இழுத்த கோடு தெரிகிறது. பத்திரிகையிலும் வண்ணம் தீட்டும் புத்தகத்திலும் இருக்கும் சிறுமிகளை அப்படியே நகலெடுத்திருக்கிறார். ஒரே பெண் மூன்று இடத்தில், மூன்று வேறு கவுனில்.

*

டார்ஜரை வரையத் தெரியாதவர் என்று சொல்பவர்கள் அந்த வண்ணங்களைப் பார்க்கட்டும். மேகம், புயல், வானம் எல்லாம் அசுரத்தனம். மனிதர் பத்து வருடம் வானிலை நாட்குறிப்பே எழுதியிருக்கிறார், அறிவிப்பாளர் சொன்னது பலித்ததா பொய்த்ததா என்று சரிபார்த்து. நான் சிரித்துவிட்டேன்.